டிம்: சுத்துக்கேணி வட்டார வழக்கில் ஒரு மங்கலான ஆராய்ச்சி

தோற்றுவாய்

நிலவைப் பாடித் தீர்த்த மொழி நம்முடையது. சூரியன், மின்னல், விண்மீன், மின்மினி, குத்துவிளக்கு என்று ஒளிர்வன எதற்கும் நம் புலவர்கள் குறை வைக்கவில்லை. ஆயினும், டிரான்ஸ்பார்மரிலிருந்து எண்ணிக்கொண்டே போனால் கடைசியாக வரும் மின்கம்பத்துக்கும் அப்பால், வேப்பமரத்தடி வீட்டுத் திண்ணையில், சாயங்காலம் ஏழரை மணிக்குச் செம்பட்டையாக எரிந்துகொண்டிருந்த நாற்பது வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தைப் பற்றி ஆய்வுலகம் இன்றுவரை வாய் திறக்கவில்லை. அந்த வெளிச்சத்தில் சோறு தின்று வளர்ந்த தலைமுறைகள் உண்டு. அதில் படித்துத் தேறியவர்கள் உண்டு. அதைக் காரணம் காட்டித் தோற்றவர்கள் இன்னும் அதிகம்.

அவ்வெளிச்சத்துக்கு மக்கள் இட்ட பெயர் டிம். இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த சொல்தான். ஆனால் வந்த இடத்தில் குடும்பம் குட்டி என்று செட்டிலாகி, இன்று ரேஷன் கார்டு கேட்கிற நிலையில் இருக்கிறது. அதன் இலக்கணம், வழக்கு, நடமாடும் இடங்கள் ஆகியவற்றை ஆராய இக்கட்டுரை புகுகிறது. முடிவு முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்ல ஆய்வுக்கு அடையாளம் என்று பெரியோர் நடந்து காட்டியிருப்பதால், அதை இங்கேயே சொல்லிவிடலாம்: குறை இருக்கிறது, ஆனால் எந்தக் கணக்கிலும் ஏறாது என்ற நிலைக்குத் தமிழர் வைத்திருக்கும் பெயரே டிம்.

ஆய்வுக் களம்

சுத்துக்கேணி, புதுச்சேரி மண்ணாடிப்பட்டு கொம்யூனில் காட்டேரிக்குப்பத்தை ஒட்டிய ஊர். சங்கராபரணி ஆற்றுத் தண்ணீரை ஊசுட்டேரிக்குக் கொண்டுபோகும் வாய்க்காலுக்குச் சுத்துக்கேணி வாய்க்கால் என்றே பெயர். ஆராய்ச்சிக்காரர்களைக் கண்டு மிரளும் ஊரும் அன்று. பிரெஞ்சுத் தொல்லியலாளர் கசால் இங்குள்ள பெருங்கற்காலப் புதைகுழிகளைத் தோண்டிப் பார்த்து, 1956இல் வெளிவந்த தம் நூலின் தலைப்பிலேயே வீராம்பட்டினத்தோடு சுத்துக்கேணியையும் சேர்த்துவிட்டார். பல்பு எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. எனவே டிம் பெருங்கற்காலத்துக்குப் பிந்தியது என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை இல்லை.

களத்தைத் தேர்ந்ததற்கு வேறு காரணமும் உண்டு. புதுச்சேரியின் வரைபடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அது ஒரே துண்டாக இல்லை. நடுவில் விழுப்புரம் மாவட்டம் நுழையும், வெளியேறும், மறுபடி நுழையும். ரோட்டுக்கு இந்தாண்ட ஒரு அரசின் கம்பி, அந்தாண்ட இன்னொரு அரசின் கம்பி என்று ஓடுகிற இடங்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் உண்டு. ஒப்பாய்வுக்கு இதைவிட வாகான நிலம் கிடையாது. 2012 வாக்கில் தமிழ்நாட்டில் மணிக்கணக்காக மின்வெட்டு இருந்தபோது, எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்தவர்கள் தம் மஞ்சள் பல்பை அண்ணாந்து பார்த்துக் கொண்ட திருப்தி கொஞ்சநஞ்சமல்ல. "அந்தாண்ட சுத்தமா இல்ல. நமக்கு டிம்மாவாச்சும் வருதே." டிம்முக்கு ஆறுதல் என்ற பொருளும் உண்டு என்பதற்கு இவ்வழக்கே சான்று.

எழுத்தும் சொல்லும்

முதலில் ஒரு தடை. டகரம் தமிழில் மொழிக்கு முதலில் வராது. தொல்காப்பியர் காலத்திலிருந்து இதுதான் சட்டம். ஆகவே டிம் என்ற சொல் இலக்கணப்படி வாசலிலேயே நிறுத்தப்பட வேண்டியது. ஆனால் அதே வாசல் வழியாக டீ, டிக்கெட், டாக்டர், டவுன் பஸ் எல்லாம் போய் உட்கார்ந்துவிட்ட பிறகு, டிம்மை மட்டும் வெளியே நிறுத்துவது நியாயமில்லை என்று காவலர் விட்டுவிட்டார் போலும். திசைச்சொல் என்ற வகையில் இதை அடக்கலாம். எந்தத் திசை என்று கேட்டால் டிரான்ஸ்பார்மர் இருக்கும் திசைக்கு எதிர்த்திசை.

உள்ளே வந்ததும் டிம் தமிழ் இலக்கணத்துக்கு நன்றாகவே வளைந்து கொடுத்தது. தனித்து நிற்க அதற்குப் பிடிக்காது. "டிம்மா" என்று ஆகாரம் ஒட்டிக்கொண்டு எரியும், தெரியும், இருக்கும், வரும். வினையோடு சேரும்போதுதான் அதன் நுட்பம் வெளிப்படுகிறது. "டிம் ஆயிடுச்சு" என்றால் செய்தவர் எவரும் இல்லை, விதி. "டிம் பண்ணு" என்றால் யாரோ ஒருவர் சுவிட்சுக்குப் பக்கத்தில் இருக்கிறார். "டிம் அடி" என்றால் எதிரே லாரி வருகிறது. ஆகும், பண்ணும், அடிக்கும் என்ற மூன்று துணைவினைகளால் ஒரே சொல் விதி, விருப்பம், உயிர்ப்பயம் ஆகிய மூன்று துறைகளில் இயங்குவது உலக மொழிகளில் அரிது என்று துணிந்து சொல்லலாம். சரிபார்க்க எவருக்கும் நேரமில்லை என்பதால் துணிவுக்குக் குறைவில்லை.

இதன் உச்சம் "லைட்டா டிம்மா எரியுது" என்ற தொடர். லைட் என்பதும் ஆங்கிலம், டிம் என்பதும் ஆங்கிலம். ஆனால் இந்த லைட்டுக்கும் விளக்குக்கும் சம்பந்தமில்லை. கொஞ்சம் என்று பொருள். லைட்டா மழை, லைட்டா காய்ச்சல், லைட்டா கடன் என்று வரும் அதே லைட். இந்தத் தொடரை ஓர் ஆங்கிலேயர் கேட்டால், பிரகாசமாக மங்குகிறது என்று எடுத்துக்கொண்டு பல்பை வெகுநேரம் உற்றுப் பார்ப்பார்.

தமிழில் சொல் இல்லையா என்று சிலர் கோபிக்கக்கூடும். ஏராளமாக இருக்கிறது. மங்கல், மினுக்கல், மினுமினுப்பு, கருக்கல் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். பின் ஏன் அவை பல்புக்கு ஒட்டவில்லை? இக்கேள்விக்கு விடை அகராதியில் இல்லை. பூஜை அறையில் இருக்கிறது. நம் வீடுகளில் எண்ணெய் விளக்கு அணைந்தது என்று சொல்லமாட்டார்கள். மலையேறிவிட்டது என்பார்கள். அணை என்று ஏவமாட்டார்கள். குளிர வை, அமர்த்து என்பார்கள். வாயால் ஊதினால் முதுகில் ஒன்று விழும். அப்படிப்பட்ட வீட்டில் விளக்கு வைக்கிற நேரத்தில் நின்றுகொண்டு "வெளக்கு மங்குது" என்று ஒருவன் சொன்னால் அவன் சொன்னது வெளிச்சத்தைப் பற்றி மட்டும் ஆகாது. அது சகுனம். ஆயா எழுந்து வந்துவிடுவாள்.

மின்சார பல்புக்கு இந்தத் தோஷம் எதுவும் கிடையாது. அதை ஆஃப் பண்ணலாம், கழற்றலாம், பீஸ் போயிடுச்சு என்று குப்பையில் எறியலாம். அதன் குறையைச் சொல்லவும் தோஷமில்லாத ஒரு சொல் தேவைப்பட்டது. "டிம்மா இருக்கு" என்றால் எந்தத் தெய்வமும் கோபிக்காது, எந்தக் குடும்பத்துக்கும் கெடுதல் வராது. அன்றியும், எண்ணெய் விளக்கு மங்கினால் மருந்து வீட்டிலேயே உண்டு: திரியைத் தூண்டலாம், எண்ணெய் விடலாம். மருமகளைக் கூப்பிட்டு ஏன் பார்க்கவில்லை என்று கேட்கவும் செய்யலாம். பல்பு மங்கினால் வீட்டில் யாரையும் கேட்க முடியாது. கை வைக்க முடியாத மங்கலுக்குக் கைவசம் இல்லாத மொழியிலிருந்து சொல் வந்தது பொருத்தமே.

பிரெஞ்சுத் தொடர்பு

புதுச்சேரியை 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டார்கள். கொம்யூன் என்ற சொல்லை விட்டுப்போனார்கள். பல்பு ஆங்கிலத்திலேயே மங்குகிறது. இதற்கு மேல் இத்தலைப்பில் சொல்ல எதுவும் இல்லை.

மின்னியல்

இனி அறிவியல். இழை எரியும் குண்டு பல்புக்கு ஒரு குணம் உண்டு. வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினால் வெளிச்சம் நிறைய இறங்கும். வோல்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் பத்தில் மூன்று பங்கு போய்விடும். 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 180 வந்தால் பாதி வெளிச்சம்கூடத் தேறாது. இழையின் சூடு குறைவதால் நிறமும் வெள்ளையிலிருந்து மஞ்சளுக்கும், மஞ்சளிலிருந்து செம்பட்டைக்கும் இறங்கும். இன்னும் இறங்கினால் கண்ணாடிக்குள்ளே வளைந்து நெளிந்த கம்பி மட்டும் சிவப்பாகத் தெரியும். அந்தக் கட்டத்தில் பல்பு எதையும் காட்டுவதில்லை, தன்னை மட்டும் காட்டிக்கொள்கிறது. சில மேடைகளில் இத்தகையோரைப் பார்த்திருக்கிறோம்.

1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள், வீட்டுக்கு வரும் வோல்டேஜ் ஆறு சதவீதம் ஏறலாம், ஆறு சதவீதம் இறங்கலாம் என்று இடம் கொடுத்தன. 230இல் ஆறு சதவீதம் இறங்கினால் 216. அந்த 216இல் குண்டு பல்பு தன் வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். இதைச் சட்டப்படியான டிம் என்று வகைப்படுத்துகிறோம். அதற்குக் கீழே இறங்குவது வழக்கப்படியான டிம். முன்னதை மீட்டர் வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். பின்னதை ஆயா கண்டுபிடிப்பாள்.

ஆயாவின் முறை எளியது. திண்ணையில் உட்கார்ந்தபடி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே பல்பை ஒரு பார்வை பார்ப்பாள். "டேய், மோட்டார போடாத. கரண்ட் டிம்மா வருது. காயில் போயிடப் போவுது." இதில் மூடநம்பிக்கை ஒன்றும் இல்லை. வோல்டேஜ் குறைந்தால் நீர் இறைக்கும் மோட்டார் அதே வேலையைச் செய்ய அதிகக் கரண்டை இழுக்கும், காயில் சூடேறும், நாற்றம் வரும், பிறகு ரீவைண்டிங் கடைக்காரருக்குத்தான் வெளிச்சம். அதே பல்பு இன்னொரு சேதியும் சொல்லும். எங்கோ ஒரு மோட்டார் கிளம்பும்போது அது முதல் நொடியில் பல மடங்கு கரண்டை இழுப்பதால், பல்பு ஒரு முக்கு முக்கிவிட்டு மறுபடி நிமிரும். அந்த முக்கலைப் பார்த்தே கழனியில் யார் மோட்டார் போட்டார்கள் என்று நேரத்தை வைத்துச் சொல்லிவிடுவார்கள். தண்ணீர் விட்டதற்கும் விடாததற்கும் வரப்புத் தகராறு வரும்போது இந்தச் சாட்சியம் பயன்பட்டிருக்கக் கூடும்.

இத்தனை வேலை செய்யும் டிம்முக்குக் கணக்குப் புத்தகத்தில் இடமில்லை. எந்த ஊர்க் கரண்ட் ஆபீஸுக்குப் போன் போட்டாலும் முதல் கேள்வி: "கரண்ட் இருக்கா, இல்லையா?" இல்லை என்றால் ஆள் வருவார், ஏணி வரும், பீஸ் கட்டையைப் பிடுங்கிப் புதுக் கம்பி சுற்றிப் போடுவார். "இருக்கு சார், ஆனா டிம்மா இருக்கு" என்றால் மறுமுனையில் ஒரு நிம்மதிப் பெருமூச்சு கேட்கும். "இருக்குல்ல?" அதோடு உரையாடல் முடிந்தது. கரண்ட் இருக்கிறது என்று எழுதிக்கொள்ளலாம், இல்லை என்றும் எழுதிக்கொள்ளலாம். முக்கால் கரண்ட் இருக்கிறது என்று எழுத அந்த நோட்டில் கட்டம் போடப்படவில்லை. பில்லில் மட்டும் யூனிட் முழுதாக விழும்.

சூழ் ஒளி: ஜீரோ வாட்

கணக்கில் வராமையைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டு வாழ்ந்த ஒரு பல்பு உண்டு. ஜீரோ வாட். சாமி படத்துக்கு முன்னால் சிவப்பு, படுக்கிற அறையில் நீலம், புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் வந்திருந்தால் பச்சை. பெயரை நம்பி இது கரண்டே இல்லாமல் எரிகிறது என்று நம்பிய குடும்பங்கள் இந்தியா முழுக்க இருந்தன. உண்மையில் அது பன்னிரண்டிலிருந்து பதினைந்து வாட் வரை தின்றது. சக்கரம் சுற்றும் பழைய மீட்டருக்கு அவ்வளவு சின்னப் பசி உறைக்காது. தனியாக அது மட்டும் எரியும்போது சக்கரம் அசையாது. மீட்டருக்கு ஜீரோ, ஆகவே ஊருக்கும் ஜீரோ. தத்துவ உலகில் இதற்கு இணையாகச் சொல்ல சூனியவாதம் மட்டுமே உண்டு.

டிஜிட்டல் மீட்டர் வந்ததும் அந்தப் பூஜ்யம் கலைந்தது. பதினைந்து வாட் பல்பு இரவில் பத்து மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு நாலரை யூனிட். சாமி இத்தனை வருஷம் ஓசிக் கரண்டில் இருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் குடும்பத் தலைவர்களுக்கு உறைத்தது.

டிம்மின் ஆயுளைப் பற்றியும் ஒரு வார்த்தை. குறைந்த வோல்டேஜில் எரியும் இழை பல்பு சீக்கிரம் சாகாது. கலிபோர்னியாவில் லிவர்மோர் என்ற ஊரின் தீயணைப்பு நிலையத்தில் 1901இலிருந்து ஒரு பல்பு எரிந்துகொண்டிருக்கிறது. இப்போது நாலு வாட் அளவுக்குத்தான் எரிகிறது. அதற்கு நூற்றாண்டு விழா எடுத்து, கேமரா வைத்து உலகமே இணையத்தில் பார்க்கிறது. சுத்துக்கேணியில் அப்படி ஒரு பல்பு எரிந்திருந்தால் இரண்டாம் நாளே யாராவது பார்த்து, "இன்னாடா இது, டிம்மா எரியுது, மாத்து" என்று கழற்றியிருப்பார்கள். நமக்கு வரலாற்று உணர்வு குறைவு என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கலாம். ஆனால் நமக்குப் புழுங்கலரிசியில் கல் பொறுக்க வேண்டியிருந்தது.

சாலையியல்

வண்டியில் டிம் வேறு அவதாரம் எடுக்கிறது. வீட்டில் குறையாக இருந்தது ரோட்டில் பண்பாடு. எதிரே வருகிறவனின் கண் கூசாமல் இருக்க முகப்பு விளக்கைத் தாழ்த்துவதுதான் டிம் அடிப்பது. ஒரு காலத்தில் போலீஸார் வண்டிகளை நிறுத்தி முகப்பு விளக்கின் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். பெயிண்டால் பொட்டு வைப்பதும் உண்டு. விளக்குக்கு அதனால் ஒரு திருஷ்டிப் பொட்டுக் களை வந்ததே தவிர, எதிரே வந்தவனின் கண் கூசுவது நின்றபாடில்லை.

திருக்கனூர் போகும் ரோட்டில் இரவு வண்டி ஓட்டியவர்களுக்கு டிம்மின் ஒழுக்கவியல் தெரியும். நீ டிம் அடித்தால் அவன் டிம் அடிக்க வேண்டும். அவன் அடிக்காவிட்டால் நீ மறுபடி ஒரு தரம் ஏற்றி இறக்கி ஞாபகப்படுத்த வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் நீயும் முழு வெளிச்சத்தைப் போட்டுவிட வேண்டும். பிறகு இருவரும் எதுவும் தெரியாமல் ஒருவரை ஒருவர் கடப்பார்கள், அவரவர் குலதெய்வத்தின் பொறுப்பில். லிங்காரெட்டிப்பாளையம் கூட்டுறவு சர்க்கரை ஆலை ஓடிய காலத்தில் இந்த வட்டாரத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் நடமாடும். கரும்பு ஏற்றிய டிராக்டருக்கு எந்த ஊரிலும் பின்விளக்கு என்பது நம்பிக்கை சார்ந்த விஷயம். உங்கள் டிம்மில் டிராக்டர் தெரியாது, கரும்பின் நுனி தெரியும்; அது தெரிகிறபோது கண்ணாடிக்கு மிகப் பக்கத்தில் இருக்கும்.

2017 ஏப்ரல் முதல் புது டூவீலர்களில் முகப்பு விளக்கை அணைக்கவே முடியாது. என்ஜின் ஓடினால் விளக்கும் எரியும். அன்றிலிருந்து பட்டப்பகலில் எதிரே வரும் ஒவ்வொரு நல்ல மனிதரும் ஐந்து விரல்களையும் குவித்து விரித்து, குவித்து விரித்து, லைட்டு எரியுது என்று சைகை காட்டிவிட்டுப் போகிறார். அவருக்கு நன்றி சொல்வதா, சட்டத்தை விளக்குவதா என்று தெரியாமல் நாமும் தலையை ஆட்டுகிறோம். தமிழர் பிறர் வீட்டுக் கரண்ட் பில்லுக்கும் கவலைப்படும் இனம் என்பதற்கு இதைவிட வேறு ஆதாரம் வேண்டியதில்லை. அடுத்து வாங்கும் வண்டியிலும் அதே விளக்குதான் இருக்கும் என்பதை அவர் தம் வண்டியை மாற்றும்வரை அறியமாட்டார்.

மேனியும் தாளும்

பல்பிலிருந்து ஆளுக்குத் தாவ இச்சொல்லுக்கு வெகுகாலம் பிடிக்கவில்லை. "இன்னா தம்பி, ஆளே டிம்மா இருக்க?" இதை நோய் விசாரிப்பு என்று கருதக்கூடாது. காய்ச்சல் என்றால் காய்ச்சல் என்றே கேட்பார்கள். சண்டையா, கடனா, சீட்டுப் பணம் போச்சா, பெண் பார்த்த இடத்தில் பதில் வரவில்லையா என்று தனித்தனியாகக் கேட்க நாக்கு கூசும்போது எல்லாவற்றையும் பொத்தினாற்போல் கேட்கும் ஒரே கேள்வி இது. பதிலும் பெரும்பாலும் "ஒண்ணுமில்லணா" என்பதே. கேட்டவருக்குப் புரிந்துவிடும், ஒரு டீ சொல்வார். ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம், சர்க்கரை, உப்பு எல்லாம் பார்த்தால் ரிப்போர்ட்டில் நார்மல் என்று வரும். டிம்முக்கு இன்னும் பரிசோதனை வரவில்லை.

கண்ணில் வரும் டிம் மட்டும் இதற்கு விலக்கு. "கண்ணு டிம்மா தெரியுது" என்று பெரியவர்கள் சொல்லத் தொடங்கினால் பாதி வழக்கு கண்புரை. பல்பு டிம்மா, கண் டிம்மா என்ற வழக்கு வீடுகளில் மாதக்கணக்கில் நடக்கும். தாத்தா பல்பைக் குறை சொல்வார், பேரன் தாத்தாவைக் குறை சொல்வான். பல்பை மாற்றிப் பார்த்தும் தெரியவில்லை என்றால்தான் தீர்ப்பு வரும். 2003இல் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை திறந்தபின் இந்தப் பக்கத்துக் கிராமத்தாருக்கு அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு செய்ய ஓர் இடம் கிடைத்தது. புரை எடுத்துவிட்டு வந்த தாத்தாக்கள் முதலில் பார்த்துச் சொல்வது வீட்டுச் சுவரில் இருக்கும் ஒட்டடையைத்தான்.

தாளுக்கு வருவோம். ஆதார் நகலை ஜெராக்ஸ் எடுத்தால் முகம் கரிக்கட்டையாக விழும், அல்லது எழுத்து டிம்மாக விழும். "டிம்மா இருக்கு, டார்க்கா போடுணா" என்றால் கடைக்காரர் ஒரு பொத்தானை அழுத்துவார். இப்போது எழுத்து தெரியும், முகம் போய்விடும். இரண்டுக்கும் காசு உண்டு. கவுண்டரில் கொடுத்தால் "தெளிவா கொண்டாங்க" என்பார்கள். மனிதர் நேரில் தெளிவாக நின்றுகொண்டிருப்பது செல்லாது.

டவுனில் டிம்

இதுவரை சொன்னவை சுத்துக்கேணி டிம். இருபது கிலோமீட்டர் சொச்சம் கிழக்கே போய், கடலோரம் வெள்ளைக்காரத் தெருக்களில் நுழைந்தால் நிலைமை தலைகீழ். அங்கே மஞ்சள் சுவர் வைத்த ஓட்டல்களில் குண்டு பல்பை நீளக் கம்பியில் தொங்கவிட்டு, வேண்டுமென்றே செம்பட்டையாக எரியவிட்டிருக்கிறார்கள். இழை வெளியே தெரிய வேண்டும் என்பதற்காகவே செய்த பல்பு. சனி ஞாயிறுகளில் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் காரில் வருகிறவர்கள் அந்த வெளிச்சத்தில் மெனு கார்டைக் கண்ணருகே பிடித்து, பிறகு செல்போன் டார்ச்சை அடித்துப் படித்து, சர்வீஸ் சார்ஜோடு பணம் கட்டிவிட்டுப் போகிறார்கள். சுத்துக்கேணியில் அதே வெளிச்சம் இலவசமாகக் கிடைத்தபோது மனு எழுதிக் கொடுத்தோம். மனு டிம்மாக இருந்திருக்கும்.

டிம்மின் மறைவு

நாட்டிலேயே முதன்முதலாக 2014இல் புதுச்சேரியில்தான் வீடுகளுக்கு எல்.இ.டி. பல்பு பத்து ரூபாய்க்குக் கொடுத்தார்கள். அறுபது வாட் குண்டு பல்பு இருந்த இடத்தில் ஏழு வாட் எல்.இ.டி. அடுத்த வருஷம் அது நாடு முழுக்கப் போய், பிறகு உஜாலா என்று பெயர் பெற்றது. நல்ல திட்டம், பில் குறைந்தது, வெளிச்சம் கூடியது. மறுக்க இடமில்லை.

ஆனால் எல்.இ.டி. பல்புக்குள் ஒரு சின்ன எலக்ட்ரானிக் பலகை உட்கார்ந்திருக்கிறது. வோல்டேஜ் 230 வந்தாலும் 180 வந்தாலும் அது உள்ளே சரிக்கட்டி ஒரே மாதிரி எரியவிடும். பெரும்பாலானவற்றுக்கு டிம் என்ற நிலையே தெரியாது. எரியும், அல்லது செத்துப்போகும். திண்ணையில் ஆயா பார்த்துச் சொல்ல ஒன்றுமில்லாமல் போயிற்று. கம்பியில் வரும் கரண்ட் முன்போலவே டிம்மாக வந்தாலும், வீடு பளீரென்று வெள்ளையாக இருக்கிறது. மிக்ஸி முனகும்போது பிளேடு மழுங்கிவிட்டது என்கிறார்கள். ஃபேன் சோம்பும்போது கண்டன்சரை மாற்றுகிறார்கள். மோட்டார் காயில் கருகிய பிறகுதான், ஓகோ, கரண்ட் டிம்மா இருந்திருக்கு என்று தெரிகிறது. முன்பு குறை கணக்கில் ஏறவில்லை. இப்போது கண்ணிலும் படுவதில்லை. ஓர் அளவுகோலைப் பத்து ரூபாய்க்குக் கொடுத்துவிட்டோம் என்று இக்கட்டுரை கருதுகிறது. ஸ்டெபிலைசர் வைத்தவர்களுக்கு இக்கருத்து பொருந்தாது; அவர்கள் வீட்டு ஃபிரிஜ்ஜுக்குப் பக்கத்தில் சிவப்பு முள் ஆடுகிறது, அதை யாரும் பார்ப்பதில்லை.

பரிந்துரை

ஆகவே, போர் மோட்டார் வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டாரும் திண்ணையில் ஒரேயொரு குண்டு பல்பை மாட்டிவைக்க வேண்டும் என்று இவ்வாய்வு பரிந்துரைக்கிறது. சின்ன மளிகைக் கடைகளில் தூசு படிந்த அட்டைப்பெட்டியில் இன்னும் கிடைக்கிறது. வாங்கும்போது காதுப் பக்கம் ஆட்டி, இழை அறுந்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். மோட்டார் சுவிட்சைப் போடும் முன் அதைப் போட்டு, நிறத்தைப் பாருங்கள். வெள்ளை என்றால் தண்ணீர் விடலாம், மஞ்சள் என்றால் யோசிக்கலாம், செம்பட்டை என்றால் கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொள்ளலாம். பார்த்ததும் அணைத்துவிடுங்கள். நாற்பது வாட் போதும். நூறு வாட் போட்டு பில் ஏறினால் கட்டுரையாளர் பொறுப்பல்ல.